பதினோரு மணிக் காற்று

என் வீட்டுக்காரர் தண்ணிக்குள் மூழ்கிச் சம்பாதிக்கிறவர். உடனே முத்து, சங்கு என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். காசிமேடு துறைமுகத்தில் லாஞ்சு என்கிற விசைப்படகுகளின் புரொப்பல்லரில் அறுந்த வலை சுற்றிக்கொள்ளும். கயிறு, சாக்கு, ஒருமுறை யாரோ தூக்கிப் போட்ட கோரைப்பாய். அதை அறுத்து எடுக்காமல் லாஞ்சு நகராது. அறுத்து எடுக்கிற ஆள் இவர். கறுப்புத் தண்ணி, மேலே டீசல் படலம், கண்ணுக்கு முன்னால் வைத்த கை தெரியாது. தடவித் தடவித்தான் வேலை. அதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். நான் மட்டும் அதை அவரிடம் சொன்னதில்லை. தலைக்கனம் ஏறிவிடும்.

கீழே போனால் மூச்சுக்கு என்ன வழி? ஒரு மீன்பாடி வண்டிதான் வழி. மூன்று சக்கரத்து வண்டியில் மீன் கூடைக்குப் பதில் ஒரு சின்ன டீசல் எஞ்சின், பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடிப்பார்களே அந்த மாதிரி ஒரு கம்ப்ரசர், அதோடு ஒரு குட்டி டேங்க். டேங்கிலிருந்து ஒரு மஞ்சள் ரப்பர் குழாய் போகும். அதன் நுனியை இவர் பல்லால் கடித்துக்கொண்டு தண்ணிக்குள் இறங்குவார். அவ்வளவுதான் சாமான். குழாயில் காற்று சும்மா புஸ்ஸென்று வந்துகொண்டே இருக்கும். வேண்டியதை இழுத்துக்கொண்டு மீதியை வாயோரமாக விட்டுவிட வேண்டியது. மேலே எஞ்சினைப் பார்த்துக்கொள்ள இவருடைய தோஸ்து இருப்பார். வண்டி இரண்டு பேருக்கும் பொது. தோஸ்துக்குத் தொப்பை உண்டு, நீச்சலும் நன்றாகத் தெரியும், ஆனால் அடைசலான இடம் என்றால் பயம். அதனால் இவர் கீழே, அவர் மேலே என்று சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள்.

நான் பிழைக்கிற பிழைப்பும் மூச்சு சம்பந்தப்பட்டதுதான். ஆஸ்பத்திரியில் வேலை என்றால் எல்லோரும் நர்சா என்று கேட்பார்கள். இல்லை. வார்டில் படுக்கைக்கு மேலே சுவரில் ஆக்சிஜனுக்கு ஒரு வாய், காற்றுக்கு ஒரு வாய் இருக்குமே, அதெல்லாம் பின்கட்டில் ஒரு அறையிலிருந்து பைப்லைனில் போகிறது. அந்த அறை என்னுடையது. டெக்னீஷியன் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். முந்நூறு பேர் இழுக்கிற மூச்சுக்கு நான் பொறுப்பு. காற்று இழுக்கிற குழாயை மொட்டை மாடியில் ஜெனரேட்டர் புகைக்கு எட்டாத மூலையில் வைத்திருக்கிறோம். அதற்குப் பக்கத்தில் நின்று ஒருத்தர் பீடி பற்ற வைத்தாலும் நான் மாடிப்படி ஏறிப்போய்ச் சண்டை போடுவேன். ஆஸ்பத்திரியில் என்னை வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த வாயாடிக்குச் சொந்த வீட்டில் நடந்தது ஆறு வருஷமாகத் தெரியவில்லை. இதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன்.

இவருக்குத் தலைவலி வரும். வேலைக்குப் போன நாளெல்லாம் இல்லை, சில நாள். நெற்றிப் பொட்டு இரண்டும் தெறிக்கிறது என்பார். வாந்தி எடுப்பார். விளக்கைப் போடாதே என்று கத்துவார். காசிமேட்டில் மூழ்குகிற ஆட்கள் எல்லோருக்கும் இது உண்டு. கடல் தலைவலி என்று பேரே வைத்திருக்கிறார்கள். அதற்கு எலுமிச்சம்பழமும் உப்பும் போட்ட சோடா மருந்து. பேர் வைத்து, மருந்தும் சொல்லிவிட்டால் அப்புறம் யார் அதைக் கேள்வி கேட்கப் போகிறார்கள்? நானும் கேட்கவில்லை. தண்ணி அழுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஆள் ஆழத்தில் என்ன பெரிய அழுத்தம் என்று யோசிக்கிற அளவுக்குக்கூட என் படிப்பு வேலை செய்யவில்லை.

நாங்கள் தண்டையார்பேட்டையில் ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது மாடியில் ஒரே ரகளை. போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரர் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார். "கதவத் தொறமே! வூட்டப் பூட்டிக்கினு உள்ள இன்னா பண்ற?" கால் ஒரு பக்கம் போகிறது, ஆள் ஒரு பக்கம் போகிறார். மேல்வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையில் குடிகாரன் பெண்டாட்டி என்று எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, வாயை ஊதச் சொன்னேன்.

சாராய வாசனை இல்லை. நீலகிரித் தைல வாசனை. மீசையிலிருந்து வந்தது.

"தைலம் எதுக்கு மூக்குல தடவிக்கினு வந்த?" என்று கேட்டேன். கோபம் வந்தால் எனக்கும் எங்கள் பேட்டைப் பேச்சு தானாக வந்துவிடும்.

"நான் எங்கமே தடவனேன்? காத்துலயே வர்து."

"எந்தக் காத்துல?"

"டியூப் காத்துலதான். முந்தியெல்லாம் டீசல் நாத்தம் கொமட்டும். இப்ப தைல வாசன. சோக்காகீது" என்று சொல்லிவிட்டுப் பாயில் சரிந்து, குறட்டைகூட விடாமல் தூங்கிப் போனார்.

அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த வார்த்தையையே யோசித்துக்கொண்டிருந்தேன். குழாய்க் காற்றில் டீசல் நாற்றம். அப்புறம் தைல வாசனை. மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தபடியே சாயங்காலம் வரை நகரவில்லை.

மறுநாள் தோஸ்தைப் பிடித்துக் கேட்டேன். அந்த மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அது என் ஐடியாதான் அண்ணி. கீழ நாத்தம் தாங்கலன்னு மேல வந்து வாந்தி எடுத்தான். மனசு கேக்கல. கம்ப்ரசர் காத்து இஸ்துக்குற எடத்துல துணிய தைலத்துல நனைச்சு கட்டி வுட்டேன். இப்ப ஒரு கம்ப்ளெயிண்ட் கெடையாது. மத்த வண்டிக்காரனுங்களும் இப்ப அதான் பண்றானுங்க" என்றார்.

பாசத்தில் செய்த வேலை. அதனால் திட்டவும் முடியவில்லை. எஞ்சின் புகையில் நாற்றம் ஒன்று, விஷம் ஒன்று. விஷத்துக்குக் கார்பன் மோனாக்சைடு என்று பேர். அதற்கு வாசனையே கிடையாது. டீசல் நாற்றம் இருந்தவரைக்குமாவது இவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, மேலே ஏறி வந்தார். நாற்றத்தைத் தைலம் போட்டு அமுக்கியாயிற்று. இப்போது குமட்டாமல், சுகமாக, கூடுதல் நேரம் கீழே இருந்து விஷத்தை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

இதை நான் சொன்னபோது இவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் நாலு எழுத்து தெரிந்துகொண்டு வந்து வீட்டில் படம் காட்டுகிறேனாம். சரி, படமே காட்டுகிறேன் என்று காத்திருந்தேன். அடுத்த முறை தலைவலி என்று தோஸ்து போன் பண்ணியதும், படகு கட்டும் ஜெட்டியிலிருந்து நேராக ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். அரை மணிக்குள் மணிக்கட்டில் ரத்தம் எடுத்து மிஷினில் போட்டார்கள். டூட்டி டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் சிகரெட் பிடிக்கிறீங்க?"

"நான் பீடிகூட தொட்டதில்ல டாக்டர். வேணும்னா இத்த கேளுங்க" என்று என்னைக் காட்டினார்.

"அப்ப மூடின ரூமுக்குள்ள கார் எஞ்சினை ஓட விட்டு உக்காந்திருந்தீங்களா?"

டாக்டர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் கீழேயே மயங்கிக் குழாயை விட்டிருப்பார் என்றும் சொன்னார். இவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிப் படுக்க வைத்தார்கள். அந்த ஆக்சிஜன் என் அறையிலிருந்து வந்தது. ஊரார் மூச்சையெல்லாம் காவல் காத்துவிட்டு என் வீட்டு மூச்சைக் கோட்டை விட்டேனே என்று அந்த வார்டு வாசலில் நின்று அழுதேன். ஒரே ஒருமுறைதான் அழுதேன். அப்புறம் வேலையில் இறங்கிவிட்டேன்.

முதலில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. அதே வண்டி, அதே எஞ்சின், அதே ஆள். ஏன் சில நாள் மட்டும் வலி? இவரைக் குடைந்து எடுத்தேன். எந்த லாஞ்சு, எந்த நாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டதில் ஒன்று தெரிந்தது. காலையில் இறங்கிய வேலைக்குத் தலைவலி இல்லை. பதினோரு மணிக்கு மேல் இறங்கிய வேலைக்கெல்லாம் தலைவலி.

லீவு போட்டுவிட்டு ஜெட்டிக்குப் போனேன். காலை ஆறு மணியிலிருந்து உச்சி வெயில் வரை அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தேன். வண்டி எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நிற்கிறது. எஞ்சின் கடல் பக்கம், கம்ப்ரசர் கரைப் பக்கம். ஏன் என்று தோஸ்திடம் கேட்டேன்.

"ஏலம் நடக்குற எடம் அண்ணி. பொகக்கொழாய கரைப்பக்கம் திருப்பினா மீன் மேல பொக அடிக்குதுன்னு அக்காங்க நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்க. அதான் எந்த வண்டியா இருந்தாலும் பொகக்கொழா கடல பாத்துதான். எப்பவும் அப்டிதான்."

காலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று. புகை நேராகக் கடலுக்குப் போனது. கம்ப்ரசர் பக்கம் சுத்தமாக இருந்தது. ஏலம் முடிந்தது, கூடைகள் போயின, பத்தே முக்கால் வாக்கில் காற்று செத்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிற புழுக்கம். அப்புறம் பதினோரு மணிக்கு, எங்கள் ஊரே எதிர்பார்த்துக் கிடக்கிற கடல் காற்று வந்தது. எல்லோரும் அப்பாடா என்று முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார்கள். நான் புகைக்குழாயைப் பார்த்தேன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கறுப்புப் புகை அப்படியே வளைந்து, எஞ்சினுக்கு மேலே படுத்து, கம்ப்ரசரின் மூக்குக்குள் நேராகப் போனது. தைலத் துணி அதில் ஆடிக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டியிலிருந்து குதித்து எழுந்து, "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன். மிச்ச மீனை வெட்டிக்கொண்டிருந்த ஏலக்கார அக்கா அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். துறைமுகமே அவர் குரலுக்குப் பயப்படும். என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றும் விடாமல் சொன்னேன். மீன் மேல் புகை படக்கூடாது என்று திருப்பி வைத்த குழாய்தான் மத்தியானத்தில் ஆளைக் கொல்கிறது என்றேன். அக்கா கையிலிருந்த மீனைக் கூடையில் போட்டார்.

"அப்ப நாங்க வாய வச்சதாலதான் உன் புருசன் பொகைய துன்னுகினு இருந்தானா?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. "நாசமாப் போன மீனு. நீ வண்டிய எப்டி வேணா திருப்பு. எவ கேக்குறான்னு நான் பாக்குறேன்."

வண்டியைத் திருப்பினால் மட்டும் போதாது. காற்று திரும்பியதைத் தோஸ்து கவனிக்காமல் டீ குடிக்கப் போனால் மறுபடியும் அதே கதைதான். கரண்ட் மோட்டார் வைத்தால் புகையே இல்லை என்று சொன்னேன். ஜெட்டியில் யார் அப்பன் வீட்டு கரண்ட் என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான். ஆகவே இருக்கிற வண்டியை வைத்தே செய்ய வேண்டியதாயிற்று.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பாய் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் ஆஸ்பத்திரிப் பைப்லைனுக்குப் பித்தளைச் சாமான் கடைவது அவர்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவர், என்னைவிட இரண்டு மடங்கு கோபக்காரர். அவரிடம் போய் என் எண்ணத்தை ஒரு அட்டையில் வரைந்து காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா தங்கச்சி, மனுசன் உசுர சைக்கிள் டியூப்ல கட்டி தொங்கவுட்டு வச்சிருக்கானுங்களா?" என்று கேட்டார். அன்றையிலிருந்து மூன்று மாசம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அவர் பட்டறையில்தான்.

கம்ப்ரசர் மூக்கில் இருபதடி நீளத்துக்குத் தடித்த குழாய் ஒன்று மாட்டினோம். அதன் மறுநுனியை ஒரு மூங்கில் கழியின் உச்சியில் கட்டி, கழியில் ஒரு சிவப்புத் துணி. துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கழியை நட வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவரும் செய்யலாம். கம்ப்ரசருக்குள் வண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி வைத்திருந்தார்கள், அந்தக் கறுப்பைக் கொட்டிக் கழுவி மூச்சுக்காற்றுக் கம்ப்ரசருக்கென்று விற்கிற எண்ணெயை ஊற்றினேன். டேங்குக்கும் குழாய்க்கும் நடுவில் பஞ்சும் கரித்தூளும் அடைத்த ஒரு வடிகட்டி. எண்ணெய்ப் பிசுக்கு அதில் நின்றுவிடும். விஷப்புகை அதில் நிற்காது, அதற்குக் கழிதான் என்று தோஸ்திடம் இருபது முறை ஒப்பிக்க வைத்தேன். எஞ்சின் நடுவில் நின்றுபோனாலும் காற்று மிச்சம் இருக்கட்டும் என்று குட்டி டேங்கோடு பெரிய டேங்க் ஒன்றையும் சேர்த்தோம்.

கடைசியில் வாய்ச் சாமான். காற்று சும்மா புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தால் எத்தனை பெரிய டேங்க் வைத்தாலும் எஞ்சின் நின்ற இரண்டாவது நிமிஷம் காலி. இழுத்தால் மட்டும் வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிரசவ வலிக்குக் கொடுக்கிற வாயு அப்படித்தான் வரும், அதன் சூட்சுமம் எனக்கு அத்துப்படி. பேசின் பிரிட்ஜ் பக்கம் பழைய சாமான் கடையில், கப்பலிலிருந்து கழித்துப்போட்ட குவியலுக்குள் மூழ்குகிறவர்கள் கடித்துக்கொள்கிற வாய்க் கருவி ஒன்று கிடைத்தது. உள்ளே ரப்பர் சவ்வு அப்பளமாக நொறுங்கியிருந்தது. பாய் புது ரப்பரில் வட்டம் வெட்டினார். ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு, ஒன்றில் ஓட்டை. நான் ஒவ்வொன்றையும் மாட்டி, தலையை பக்கெட் தண்ணிக்குள் விட்டு இழுத்துப் பார்த்தேன். எத்தனை பக்கெட் தண்ணி குடித்தேன் என்று கேட்காதீர்கள். ஸ்பிரிங்கை இளக்கி, ஏழாவது வட்டத்தை மாட்டியபோது மூச்சு சுலபமாக, நான் கேட்டபோது வந்தது, நிறுத்தியபோது நின்றது. தலையைத் தூக்கி, சொட்டச் சொட்ட, பாயைப் பார்த்துச் சிரித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய் எதிர்க் கடையில் ஆளுக்கு இரண்டு சமோசா சொன்னார்.

வண்டியை ஜெட்டிக்குக் கொண்டுபோன அன்றைக்கு நான் மாலை மரியாதையை எதிர்பார்க்கவில்லை. ஆனால் சிரிப்பார்கள் என்றும் நினைக்கவில்லை. மற்ற வண்டிக்காரர்கள் கழியையும் சிவப்புத் துணியையும் பார்த்துவிட்டு, இது எந்தக் கட்சிக் கொடி என்று கேட்டார்கள். அது போகட்டும். என் வீட்டுக்காரரே வாய்க் கருவியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். குழாய் என்றால் காற்று வருவது கன்னத்தில் தெரியும், இதில் ஒன்றுமே வரவில்லை, கீழே போய் அடைத்துக்கொண்டால் என்ன பண்ணுவது என்றார். இழுத்தால் வரும் என்றேன். பதினோரு மணி தாண்டியிருந்தது. ஒரு லாஞ்சு காத்திருந்தது. தோஸ்து பழைய மஞ்சள் குழாயை எடுத்து நீட்டினார், இவர் கையும் அதை வாங்கப் போனது.

"அத்த தொட்ட, நான் இங்கியே கடல்ல குதிப்பேன்" என்றேன்.

"எங்க குதி பாப்போம். உன் மிஷின்மேல அம்மாம் நம்பிக்க இருந்தா மொதல்ல நீ கடிச்சுக்கினு எறங்கு" என்றார் இவர். நாலு பேருக்கு முன்னால் சொன்ன வார்த்தை. என் குணம் தெரிந்தும் சொன்னார்.

கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? துப்பட்டாவைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். தண்ணிக்குள் அமிழ்வதற்கு ஈயக் கட்டி கோத்த பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டி, ஒரு கயிற்றையும் முடிந்துகொண்டேன். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. "ஏய், வெளாட்டுக்குச் சொன்னேன்மே" என்று கையைப் பிடித்தார். உதறினேன். தோஸ்தைக் கூப்பிட்டு, "நான் உள்ள போயி நூறு எண்ணு. எண்ணி முடிச்சதும் எஞ்சின நிறுத்து. எவன் சொன்னாலும் திருப்பிப் போடாத. நானா மேல வர வரைக்கும்" என்றேன். தோஸ்து இவரைப் பார்த்தார். அக்கா, "அவன இன்னாத்துக்குப் பாக்குற? அவ சொல்றத செய்" என்று ஒரு அதட்டல் போட்டார். இவர் தடுப்பதற்குள் நான் இரும்பு ஏணியில் கால் வைத்துவிட்டேன். இவர் வேறு வழியில்லாமல் என் இடுப்புக் கயிற்றையும் காற்றுக் குழாயையும் கையில் பிடித்துக்கொண்டு, "மேல வர்றப்ப மூச்ச அடக்காதமே, வுட்டுகினே வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும், அது எனக்குத் தெரிந்த பாடம்தான், ஆனாலும் தலையாட்டினேன்.

தண்ணி கழுத்துக்கு வந்தது, காதுக்கு வந்தது, தலைக்கு மேல் போனது.

ஏணியின் கடைசிப் படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இருட்டு. ஒரே டீசலும் சேறும். மேலே எஞ்சின் ஓடுகிற சத்தம் ஏணி வழியாக எலும்பில் வந்து அடித்தது. இழுத்தேன். வந்தது. விட்டேன். குமிழி முகத்தைத் தடவிக்கொண்டு மேலே போனது. இழுத்தேன். வந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது, திடீரென்று எலும்பில் அடித்துக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டார்கள். அப்படி ஒரு நிசப்தம் நான் கேட்டதில்லை. பயத்தில் கை ஏணியை விட்டுவிடும்போல் இருந்தது. காசிமேட்டில் எஞ்சின் நின்றால் கீழே இருக்கிறவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உயிர் தப்ப மேலே பாய வேண்டும். வலைக்குள் கால் மாட்டியிருந்தால் பாய முடியாது. இவர் எத்தனை முறை அப்படிப் பாய்ந்தாரோ, என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

வந்தது. வாசனையே இல்லாத, குளிர்ந்த, சுத்தமான காற்று. என் காற்று. ஏழாவது ரப்பர் வட்டம் லேசாக டிக்கென்று திறந்து, நான் கேட்ட அளவு கொடுத்து, மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி வந்தது. தண்ணிக்குள் சிரிக்க முடியாது, சிரித்தால் வாயில் இருப்பது நழுவும். இருந்தும் சிரித்தேன், கொஞ்சம் உப்புத் தண்ணியும் குடித்தேன். உலகத்தில் இருக்கிற எந்த இஞ்சினியரும் அன்றைக்கு எனக்குச் சமானம் இல்லை. அவசரப்பட்டு மேலே வருவேனா? ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு, இன்னும் நூறு இழுத்துவிட்டுத்தான் ஏணியில் அடுத்த படியைத் தேடினேன்.

மூச்சை விட்டுக்கொண்டே மேலே வந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது. ஜெட்டி முழுக்க ஆட்கள். கொடி எந்தக் கட்சி என்று கேட்டவர்கள் ஏணி விளிம்பில் மண்டியிட்டுக் கிடந்தார்கள். தோஸ்து எஞ்சின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே, "நான் போடல அண்ணி, அடிச்சான், அப்பகூட போடல" என்றார். அவர் சட்டைக் காலர் கிழிந்திருந்தது. கிழித்தவர் என் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்து, என்னைவிட அதிகமாக நனைந்து நின்றார். வியர்வை. அக்கா போட்ட விசிலில் காக்காய்கள் பறந்தன.

எனக்குத் தலைவலி இல்லை. கடல் காற்று அடிக்கிற உச்சி நேரத்தில் கீழே இருந்துவிட்டு வந்திருக்கிறேன், பொட்டு தெறிக்கவில்லை, குமட்டவில்லை. அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மூன்று முறை சொன்னேன்.

இவர் என் இடுப்பிலிருந்து ஈய பெல்ட்டைக் கழற்றினார். கழற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். வாய்க் கருவியை என் கையிலிருந்து வாங்கினார். பழைய மஞ்சள் குழாயைக் காலால் ஓரமாகத் தள்ளினார். ஏணியில் ஒரு கால் வைத்தவர் நின்று, யாருக்கும் கேட்காமல் எனக்கு மட்டும் சொன்னார்.

"எஞ்சின் நின்னதுலருந்து நீ தலைய தூக்கற வரைக்கும் நான் மூச்சே வுடலமே."

"எனக்கு ஆறு வருசமா அப்டித்தான்" என்றேன்.

அவர் கருவியைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். நான் சிவப்புத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தேன். குமிழிகள் வரிசையாக, நிதானமாக மேலே வந்துகொண்டிருந்தன. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆற அமர, நன்றாக ஒரு மூச்சு விட்டேன்.